எத்தனை பேருக்கு சிக்கல் ஆச்சு, அத யாரு எண்ணினா?

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற சர்ஜன் ஒருத்தரோட பதில்கள்

கேள்வி: டாக்டர், எங்கம்மாவுக்கு பெருங்குடல்ல கட்டி, அடுத்த வாரம் ஆபரேஷன். நெட்ல தேடிப் பாத்தா ஒரு ஆராய்ச்சில நூத்துக்கு 25 பேருக்கு சிக்கல் வருதுன்னு போட்டிருக்கு, இன்னொன்னுல 10 பேருக்குத்தான்னு போட்டிருக்கு. எத நம்பறது? ரெண்டு நாளா தூக்கமே இல்ல.

பதில்: ரெண்டுமே உண்மையா இருக்கலாம்மா, முதல்ல அதச் சொல்லிடறேன். சிக்கல்னு எத எண்ணினாங்க, எத்தனை நாள் வரைக்கும் பாத்தாங்க, எப்படிப்பட்ட நோயாளிங்களுக்கு பண்ணாங்க, இதுல ஒன்னு மாறினாலும் நம்பர் மாறிடும். சர்க்கரை, ரத்தசோகை எல்லாம் சரி பண்ணிட்டு தேதி குறிச்சு பண்ற ஆபரேஷனும், குடல் அடைச்சு வயிறு உப்பி நடுராத்திரி தூக்கிட்டு வந்தவருக்கு பண்றதும் பேர் என்னவோ ஒன்னுதான், ஆபத்து ஒன்னு கிடையாது. அதே மாதிரி ஒரு ஆராய்ச்சில டிஸ்சார்ஜ் ஆகற வரைக்கும் மட்டும் எண்ணிட்டு விட்டிருப்பாங்க, இன்னொன்னுல 30 நாள் வரைக்கும் ஒவ்வொருத்தருக்கா ஃபோன் போட்டு விசாரிச்சிருப்பாங்க. நல்லா தேடினவங்களுக்குத்தான் நிறைய கிடைக்கும், அதனால 25ன்னு சொன்ன இடம் மோசம் 10ன்னு சொன்ன இடம் நல்லதுன்னு முடிவு பண்ணிடாதீங்க, பல நேரம் தலைகீழாத்தான் இருக்கும்.

அப்புறம் சிக்கல்ங்கற அந்த ஒரு வார்த்தை இருக்கே, அதுக்குள்ள எதையெல்லாம் போட்டு அடைச்சு வச்சிருக்கோம்னு பாருங்க. தையல் போட்ட இடத்துல கொஞ்சம் சீழ், வார்டுலயே திறந்து விட்டு கட்டு மாத்தி அனுப்பினாங்க, அதுவும் சிக்கல். குடல இணைச்ச இடம் விட்டுப்போய் திரும்ப வயித்த திறந்து ஐசியூல ரெண்டு வாரம் கிடந்தார், அதுவும் சிக்கல். ரெண்டையும் ஒன்னு ஒன்னுன்னு கூட்டினா வர்ற நம்பர வச்சு உங்கள மாதிரி ஒரு மகள் என்ன புரிஞ்சுக்க முடியும்? இந்தக் குழப்பத்துக்கு ஒரு வழி பண்ணினவங்க கிளேவியன், டின்டோங்கற சர்ஜன்கள். 1992ல கிளேவியன் ஒரு முறைய கொண்டு வந்தார், 2004ல 6,336 நோயாளிங்களோட விவரத்துல போட்டு சோதிச்சு அத திருத்தி வெளியிட்டாங்க, இன்னிக்கு ஆபரேஷன் பத்தின ஆராய்ச்சி எத எடுத்தாலும் கிளேவியன் டின்டோன்னு ஒரு வரி கண்ணுல படும்.

அவங்க யோசிச்ச விதம் எனக்கு ரொம்ப பிடிக்கும். ஒரு சிக்கல் பெருசா சின்னதான்னு கேட்டா ஆளுக்கொரு பதில் வரும், தன் ஆபரேஷன்ல வந்தது எல்லாமே சின்னதாத்தான் தெரியும் ஒரு சர்ஜனுக்கு. அதனால அத சரி பண்ண என்ன தேவைப்பட்டுச்சுன்னு மட்டும் பாப்போம்னாங்க. காய்ச்சல் மாத்திரை, வாந்தி ஊசி, வலி மருந்தோட போச்சா, 1. ஆன்டிபயாட்டிக், ரத்தம் ஏத்தறதுன்னு போச்சா, 2. ஊசி வழியாவோ எண்டோஸ்கோப்பி வழியாவோ ஏதாவது பண்ணனும், இல்ல திரும்ப தியேட்டருக்கு போகணும்னா 3, அதுலயும் முழு மயக்கம் தேவைப்பட்டுதா இல்லையான்னு ரெண்டா பிரிச்சாங்க. உயிருக்கு ஆபத்தாகி ஐசியூ போனா 4. இறந்துட்டா 5. கேஸ் ஷீட்டுல என்ன எழுதிருக்கோ அதுலேர்ந்து யார் வேணா எடுத்துடலாம், சர்ஜனோட அபிப்பிராயத்துக்கு வேலையே இல்ல.

அதனால அந்த 25ஐ பாத்து பயப்படறதுக்கு முன்னாடி அதுல எத்தனை 3ஓ அதுக்கு மேலயோன்னு அந்த ஆராய்ச்சியோட டேபிள்ல பாருங்க, பெரும்பாலான ஆராய்ச்சிகள்ல பாதிக்கு மேல 1லயும் 2லயும்தான் இருக்கும். உங்க சர்ஜன்கிட்டயும் இதையே கேளுங்கம்மா, "இந்த ஆபரேஷன்ல திரும்ப தியேட்டருக்கு போக வேண்டி வர்றது எவ்வளவு, எங்கம்மா வயசுக்கும் உடம்புக்கும் அது கூடுமா குறையுமா"ன்னு. இப்படி கேட்டா கோவிச்சுக்க மாட்டாங்க, கோவிச்சுக்கிட்டா அதுவும் உங்களுக்கு ஒரு தகவல்தான். அம்மா சிகரெட் புகைக்கிற பழக்கம் உள்ளவங்களா இருந்தா இன்னிக்கே நிறுத்தச் சொல்லுங்க, நாலு வாரம் முன்னாடியே நிறுத்தினா நல்ல பலன், இருந்தாலும் இப்ப நிறுத்தறதுல நஷ்டம் எதுவும் இல்ல.

கேள்வி: எனக்கு ஒரு புது முறைல ஆபரேஷன் பண்ணலாம்னு சொல்றாங்க. "இதுவரைக்கும் 100 பேருக்கு பண்ணிருக்கேன், ஒருத்தருக்கு கூட பெரிய சிக்கல் வரல"ன்னு டாக்டர் சொன்னார். அப்ப ஆபத்து பூஜ்யம்னு எடுத்துக்கலாமா?

பதில்: எடுத்துக்க முடியாதுங்க. அவர் பொய் சொல்றார்னு சொல்ல வரல, 100 பேர்ங்கறது அதச் சொல்ல போதாது அவ்வளவுதான். புள்ளிவிவரத்துல மூனோட விதின்னு ஒன்னு இருக்கு, ரொம்ப ஈஸி, எத்தனை பேருக்கு ஒன்னும் ஆகலையோ அந்த எண்ணால 3ஐ வகுத்துக்கோங்க. 100 பேருக்கு ஒன்னும் ஆகலைன்னா உண்மையான ஆபத்து நூத்துக்கு 3 வரைக்கும் கூட இருக்க முடியும், இது 95 சதவீத நம்பிக்கையோட சொல்ற கணக்கு. 300 பேருக்கு ஆகலைன்னா நூத்துக்கு 1 வரைக்கும். 1983லயே இத எல்லா டாக்டருக்கும் புரியற மாதிரி எழுதிட்டாங்க, இருந்தும் எங்க ஆளுங்க 20 பேருக்கு பண்ணிட்டு முழுக்க பாதுகாப்பானதுன்னு கான்ஃபரன்ஸ்ல பேசறத நானே நிறைய கேட்டிருக்கேன், மனசுக்கு கஷ்டமா இருக்கும்.

கேள்வி: என் மனைவி ஆபரேஷன் முடிஞ்சு நல்லாத்தான் பேசினா. மூனாவது நாள் மூச்சு வேகமா வாங்க ஆரம்பிச்சுது, ராத்திரி பூரா சொல்லிட்டே இருந்தோம், காலைல பெரிய டாக்டர் வந்து பாப்பார்னு சொன்னாங்க. அஞ்சாவது நாள் போயிட்டா. சர்ஜன் கை தவறிடுச்சான்னு ஒவ்வொரு ராத்திரியும் யோசிக்கிறேன். இதுக்கு ஆராய்ச்சில ஏதாவது பதில் இருக்கா ஐயா?

பதில்: உங்க லெட்டர மூனு தடவை படிச்சேன் ஐயா. உங்க மனைவி விஷயத்துல என்ன நடந்துச்சுன்னு கேஸ் ஷீட்ட பாக்காம நான் சொன்னா அது அநியாயம், அதனால அதச் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க கேட்ட மாதிரியே ஆராய்ச்சியாளருங்களும் கேட்டிருக்காங்க, அதுக்கு கிடைச்ச பதில் எங்க தொழிலயே கொஞ்சம் திருப்பிப் போட்டுச்சு.

ரொம்ப காலமா எல்லாரும் நினைச்சது என்னன்னா, ஒரு ஆஸ்பத்திரில ஆபரேஷனுக்கு அப்புறம் சாவு அதிகமா இருந்தா அங்க சிக்கல் அதிகமா வருது, அதாவது சர்ஜனுங்க கை சரியில்லன்னு. 1992ல சில்பர்ங்கறவரும் அவரோட டீமும் வேற மாதிரி எண்ணிப் பாத்தாங்க, சிக்கல் வந்தவங்கள மட்டும் தனியா எடுத்து அதுல எத்தனை பேர காப்பாத்த முடியாம போச்சுன்னு. காப்பாத்தத் தவறினதுங்கற அர்த்தத்துலயே அந்தக் கணக்குக்கு பேரும் வச்சாங்க. அப்புறம் 2009ல கஃபேரி, பர்க்மேயர், டிமிக்னு மூனு பேர் அமெரிக்காவுல 84,730 நோயாளிங்க விவரத்த எடுத்து ஆஸ்பத்திரிகள அஞ்சு அடுக்கா பிரிச்சாங்க. சாவு ரொம்ப குறைச்சலா இருந்த அடுக்குல 3.5 சதவீதம், ரொம்ப அதிகமா இருந்த அடுக்குல 6.9, கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. ஆனா சிக்கல் வந்தது ஒரு பக்கம் 24.6, இன்னொரு பக்கம் 26.9, ரொம்ப வித்தியாசம் இல்ல. பெரிய சிக்கல் வந்தவங்கள்ல இறந்தவங்க மட்டும் ஒரு பக்கம் 12.5 சதவீதம், இன்னொரு பக்கம் 21.4. அதாவது கத்தி பிடிச்ச கைல இருந்த வித்தியாசத்த விட, சிக்கல் வந்தப்புறம் அத யாரு எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிச்சா, கண்டுபிடிச்சவங்க சொன்னத மேல இருக்கறவங்க கேட்டாங்களா, ராத்திரில எத்தனை நர்ஸ் இருந்தாங்க, ஐசியூல இடம் இருந்துச்சா, இதுலதான் சாவும் பொழைப்பும் பிரிஞ்சிருக்கு.

ஆப்பிரிக்காவுல 25 நாட்டுல 247 ஆஸ்பத்திரில 11,422 பேர பின்தொடர்ந்து 2018ல வெளியான ஆராய்ச்சியும் இதே திசையிலதான் போகுது, அங்க நோயாளிங்க சின்ன வயசுக்காரங்க, உடம்பும் பரவாயில்ல, இருந்தும் இறந்தவங்க விகிதம் உலக சராசரிய மாதிரி ரெண்டு மடங்கு, அதுல பெரும்பாலான சாவு தியேட்டருக்குள்ள நடக்கல, அப்புறம் வார்டுல நடந்துச்சு. பாக்கறதுக்கு ஆள் பத்தல.

சர்ஜனோட கைத்திறமையால முடிவு மாறாதுன்னு நான் சொல்ல வரல, அதுவும் ஆராய்ச்சில இருக்கு. மிச்சிகன்ல 20 சர்ஜனுங்க பண்ண உடல்பருமன் ஆபரேஷன் வீடியோவ பேர் தெரியாம மத்த சர்ஜனுங்கள விட்டு மார்க் போடச் சொன்னாங்க, 2013ல வந்துச்சு, மார்க் வரிசைல கடைசி கால்வாசில இருந்தவங்க கைல சிக்கல் 14.5 சதவீதம், முதல் கால்வாசில இருந்தவங்க கைல 5.2. அதனால ரெண்டும் உண்டு. ஆனா நீங்க ராத்திரி பூரா சொல்லிட்டே இருந்தோம்னு எழுதிருக்கீங்களே, மூச்சு வேகமா வாங்கறதுங்கறது உடம்பு குடுக்கற ஆரம்ப எச்சரிக்கைகள்ல ஒன்னு, அத நீங்க சரியாத்தான் பாத்திருக்கீங்க, சரியாத்தான் சொல்லிருக்கீங்க. உங்க மேல தப்பு இல்ல. கேஸ் ஷீட் நகல் எழுத்துல கேட்டு வாங்குங்க, ராத்திரி மூச்சு, நாடி, பிரஷர் எத்தனை மணிக்கு எழுதிருக்காங்க, யார கூப்பிட்டாங்க, அவங்க எப்ப வந்தாங்கன்னு அதுல இருக்கணும். அத சம்பந்தம் இல்லாத வேற ஒரு சர்ஜன்கிட்ட காட்டுங்க.

கேள்வி: நான் தியேட்டர் நர்ஸ். ஆபரேஷனுக்கு முன்னாடி பேர், எந்தப் பக்கம், அலர்ஜி, பஞ்சு எண்ணிக்கை எல்லாம் சத்தமா சொல்லி டிக் பண்ற செக்லிஸ்ட் இருக்குல்ல, சில டாக்டருங்க நேரம் வேஸ்ட்னு சொல்றாங்க. நிஜமாவே உயிரக் காப்பாத்துதா?

பதில்: பேருக்கு டிக் போடாம நிஜமாவே வாய் விட்டு சொல்லி பண்ணா காப்பாத்துதும்மா. உலக சுகாதார நிறுவனத்தோட அந்த செக்லிஸ்ட்ட டொரன்டோ, டெல்லி, அம்மான், ஆக்லாந்து, மணிலா, இஃபகாரா, லண்டன், சியாட்டில்னு எட்டு ஊர் ஆஸ்பத்திரில போட்டுப் பாத்தாங்க, 2009ல முடிவு வந்துச்சு. சாவு 1.5 சதவீதத்துலேர்ந்து 0.8 ஆச்சு, சிக்கல் 11லேர்ந்து 7 ஆச்சு. உலகமே ஆடிப்போச்சு. அப்புறம் கனடாவுல ஒன்டாரியோ மாகாணம் பூரா கட்டாயம் ஆக்கிட்டு 101 ஆஸ்பத்திரிய பாத்தாங்க, 2014ல வந்தது அது, சாவு 0.71 சதவீதத்துலேர்ந்து 0.65, அது ஏதேச்சையா கூட வரக்கூடிய வித்தியாசம்தான். உங்க டாக்டருங்க இந்த ரெண்டாவதத்தான் கைல வச்சுட்டு பேசுவாங்க. ஆனா அங்க ஏற்கனவே சாவு ரொம்ப குறைச்சல், அதுவும் மேலேர்ந்து உத்தரவு வந்து பண்ணியாச்சுன்னு காட்டணும்னா பேப்பர்ல டிக் விழும், வாய் திறக்காது. முதல் ஆராய்ச்சில ஆளுங்கள உக்கார வச்சு சொல்லிக்குடுத்து பண்ணாங்க. அதனால நீங்க சத்தமா கேக்கறத விட்டுடாதீங்க, டாக்டர் க்ளவுஸ் மாட்டிட்டே தலைய ஆட்டினா கூட "சார், எந்தப் பக்கம்"னு பதில் வர்ற வரைக்கும் கேளுங்க.

கேள்வி: நான் சர்ஜரி முதுகலை மாணவன் சார். தீசிஸ்க்கு 60 நோயாளிங்கள எடுத்தேன். அதுல ஏழு பேர் ஃபாலோ-அப்க்கு வரல, ஒருத்தர் 34வது நாள் இறந்துட்டார். 30 நாள் கணக்குனால அவர விட்டுடு, வராதவங்களயும் எடுத்துட்டு 52 பேர்னு எழுதிடுன்னு சீனியர் சொல்றார். எல்லாரும் இப்படித்தான் பண்றாங்களாம். என்ன சார் பண்றது?

பதில்: தம்பி, அப்படி பண்ணாதீங்க. இந்தப் பக்கத்துல வந்த கேள்விகள்ல இதுக்குத்தான் எனக்கு கை வேகமா ஓடுது.

வராத ஏழு பேர் யாருன்னு யோசிச்சுப் பாருங்க. ரொம்ப நல்லா ஆனவங்க வராம இருப்பாங்க, எதுக்கு வரணும்னு. உங்க மேல நம்பிக்கை போய் வேற ஆஸ்பத்திரில சேந்தவங்களும் வராம இருப்பாங்க. இறந்தவங்க வரவே முடியாது. உங்க 52 பேர்ல நாலு பேருக்கு பெரிய சிக்கல்னு வச்சுக்கோங்க, 8 சதவீதம்னு எழுதுவீங்க. அந்த ஏழுல மூனு பேர் வேற இடத்துல மறு ஆபரேஷன் பண்ணிட்டிருந்தா? உங்க புத்தகத்துல இருக்கற நம்பர பாத்து இன்னொரு ஜூனியர் இன்னொரு நோயாளிகிட்ட பயப்படாதீங்க 8தான்னு சொல்லுவார். அந்த நோயாளிக்கு நீங்க யாருன்னே தெரியாது, ஆனா அவர ஏமாத்தினது நீங்க.

60 பேர்னே எழுதுங்க. ஏழு பேர தேடினேன், ஃபோன் பண்ணேன், கிடைக்கலன்னு எழுதுங்க, நிஜமாவே தேடுங்க. 30 நாள்ங்கறது ஒப்பிட்டுப் பாக்க வசதிக்காக வச்ச கோடு, ஆரம்பத்துலயே அந்தக் கோட்ட நீங்க எழுதி வச்சிருந்தா 30 நாள் கணக்குல அவர சேக்க வேண்டாம் சரி, ஆனா அடுத்த வரியிலயே ஒருத்தர் 34வது நாள் ஆபரேஷன் சம்பந்தமான காரணத்தால இறந்தார்னு இருக்கணும். ஐசியூல மெஷின் வச்சு 30ஐ தாண்ட வச்சு 31ல நிறுத்தினா அது சாவு இல்லன்னு ஆயிடுமா?

நான் உங்க வயசுல இதே தப்ப பண்ணேன் தம்பி. என் சீனியரும் இதேதான் சொன்னார், நானும் மூனு பேர விட்டேன். அதுல ஒருத்தர் ரெண்டு வருஷம் கழிச்சு வேற ஒரு ஆஸ்பத்திரில என் எதிர்லயே வந்து உக்காந்தார், வயித்துல மலம் வர்ற பையோட. என்ன அடையாளம் தெரிஞ்சு சிரிச்சார். என் கட்டுரைல அவர் இல்லவே இல்ல, அது இன்னிக்கு வரைக்கும் எனக்கு ஆறல.

பாஸ்டன்ல எர்னஸ்ட் காட்மன்னு ஒரு சர்ஜன் இருந்தார். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு அட்டை போடணும், வருஷம் கழிச்சு அவர தேடிப்பிடிச்சு குணமாச்சா, ஆகலைன்னா ஏன்னு எழுதணும்னார், அதையும் வெளிப்படையா காட்டணும்னார். வேலை பாத்த பெரிய ஆஸ்பத்திரில அது எடுபடல, 1914ல விட்டு வெளிய வந்தார். 1911லேர்ந்து 1916 வரைக்கும் தன்னோட சின்ன ஆஸ்பத்திரிலேர்ந்து வீட்டுக்கு போன 337 பேர்ல 123 தப்பு நடந்திருக்குன்னு தானே அச்சடிச்சு மத்த ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பினார். அறிவு பத்தாததால எத்தனை, கணிப்பு தப்பினதால எத்தனை, நோய சரியா கண்டுபிடிக்காததால எத்தனைன்னு பிரிச்சே போட்டார். கூட இருந்தவங்க ஒதுக்கினாங்க, காசும் போச்சு, 1940ல இறந்தப்ப கல்லறைக்கு கல்லு கூட வைக்கல, 2014லதான் சர்ஜனுங்க சேந்து வச்சாங்க. கிளேவியன் டின்டோ, 30 நாள் ஃபாலோ-அப்னு இன்னிக்கு நாம பண்றதுக்கெல்லாம் முன்னாடியே அந்த மனுஷன் அந்த அட்டைல ஆரம்பிச்சு வச்சிட்டார். உங்க 60ஓட உங்க கைடுகிட்ட நேரா போய் பேசுங்க, சீனியர் வழியா வேண்டாம்.

கேள்வி: எங்கப்பாவ ஒரு ஆராய்ச்சில சேக்கலாமான்னு கேக்கறாங்க. ரெண்டு விதமா ஆபரேஷன் இருக்காம், எதுன்னு கம்ப்யூட்டர் சீட்டு குலுக்கற மாதிரி முடிவு பண்ணுமாம். டாக்டருக்கே எது நல்லதுன்னு தெரியாதா? சோதனை எலி ஆக்கறாங்களா?

பதில்: நிஜமாவே தெரியாதப்ப மட்டும்தான் அப்படி பண்ண அனுமதி குடுப்பாங்க. தெரியும்னு நம்பி பண்ணிட்டிருந்தது தப்பா போன கதை நிறைய. கர்ப்பப்பை வாய் புற்றுநோய்க்கு சின்ன ஓட்டை வழியா பண்றதுதான் நல்லதுன்னு பல வருஷம் பண்ணாங்க, வலி கம்மி, சீக்கிரம் வீட்டுக்கு போகலாம், யாருக்குத்தான் பிடிக்காது. 631 பெண்கள சேத்து சீட்டு குலுக்கி பாத்தப்ப, நாலரை வருஷத்துல நோய் திரும்பாம இருந்தவங்க வயித்த திறந்து பண்ணவங்கள்ல 96.5 சதவீதம், சின்ன ஓட்டைல 86. 2018ல வெளியாச்சு, உலகம் பூரா பழக்கம் மாறுச்சு. நடுவுலயே கணக்க பாத்துட்டிருந்த தனிக் குழு புதுசா ஆள் சேக்கறத நிறுத்தச் சொல்லிடுச்சு. அந்தக் குழு இருக்கான்னுதான் நீங்க கேக்கணும். அதோட எத அளக்கப் போறீங்கன்னும் கேளுங்க. 2008ல ஆபரேஷன் நேரத்துல மெட்டோப்ரோலால்ங்கற, இதயத் துடிப்ப மெதுவாக்கற மாத்திரை குடுத்து 8,351 பேர்ல பாத்த ஆராய்ச்சில ஹார்ட் அட்டாக் குறைஞ்சுது, அத மட்டும் எண்ணிருந்தா வெற்றின்னு சொல்லிருப்பாங்க, ஆனா பக்கவாதமும் சாவும் கூடிருந்துச்சு. நடுவுல எப்ப வேணா விலகலாமா, விலகினா சிகிச்சை அதேதானா, இதையும் கேட்டு எழுத்துல இருக்கான்னு பாத்துட்டு அப்பா சம்மதிச்சா சேருங்க. சம்மதிக்க வேண்டியது அப்பா, நீங்க இல்ல.

கேள்வி: ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்க. இனிமே பயம் இல்லதானே?

பதில்: பாதிக்கு மேல தாண்டிட்டீங்க, முழுசா தாண்டல. 14 நாட்டுல 40,004 பேர 30 நாள் பின்தொடர்ந்து பாத்த ஆராய்ச்சி 2019ல வந்துச்சு, இதயம் இல்லாத மத்த ஆபரேஷனுங்க. 715 பேர் இறந்தாங்க, அதுல தியேட்டர்ல இறந்தது அஞ்சே பேர். ஆஸ்பத்திரில இருக்கும்போது 500 பேர். வீட்டுக்கு போனப்புறம் 210 பேர், பத்துல மூனு. ரத்தப்போக்கு, இதயத்துக்கு வந்த பாதிப்பு, ரத்தத்துல கலந்த இன்ஃபெக்‌ஷன், இந்த மூனுதான் பெரிய காரணம், அதுல இதய பாதிப்பு பல பேருக்கு நெஞ்சு வலியே இல்லாம வந்துச்சு.

அதனால வீட்டுல ஒரு நோட்டு போட்டு காலைலயும் சாயங்காலமும் காய்ச்சல், நாடி எழுதுங்க. 38 டிகிரி செல்சியஸ்க்கு மேல போச்சுன்னா, சும்மா படுத்திருக்கும்போதே நாடி 100க்கு மேல ஓடுச்சுன்னா, மூச்சு வாங்குச்சுன்னா, ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சுதுன்னா, வயிறு உப்பி வாந்தி வந்துச்சுன்னா, தையல்லேர்ந்து சீழோ ரத்தமோ வந்துச்சுன்னா, ஒன்னுக்கு சரியா போகலைன்னா, வயசானவங்க திடீர்னு குழப்பமா பேசினாங்கன்னா, அடுத்த ரிவ்யூ தேதி வரைக்கும் காத்திருக்காதீங்க, அன்னிக்கே போங்க, ராத்திரியா இருந்தாலும். குடல் இணைச்ச ஆபரேஷனா இருந்தா அஞ்சுலேர்ந்து ஏழாவது நாள் வரைக்கும் இன்னும் கவனமா இருங்க, லீக் ஆனா பெரும்பாலும் அப்பத்தான் வெளிய தெரியும். அப்புறம் 30வது நாள் ஆஸ்பத்திரிலேர்ந்து யாராவது ஃபோன் பண்ணி எப்படி இருக்கீங்கன்னு கேட்டா, மரியாதைக்கு நல்லா இருக்கேன்னு சொல்லி வச்சிடாதீங்க, தையல்ல சீழ் வந்து வேற டாக்டர்கிட்ட போனத கூட விடாம சொல்லுங்க, அவங்க கைல ஒரு ஃபாரம் இருக்கும், உங்களுக்கும் அதுல ஒரு வரி இருக்கு.